அக்காவிடம் உறங்கிக் கிடந்தது

பாப்பாவுக்கு இப்போது முப்பது வயது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் யாரும் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் அக்காவின் ஒரே மகள். பேச்சு வரவில்லை. ஐந்து வயதில்தான் நடந்தாள். நடக்கும்போது கால்களை அகட்டி வைத்து, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொள்வாள். யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள். சத்தமான, மூச்சு முட்டுகிற சிரிப்பு. பக்கத்தில் இருப்பவர்களும் காரணம் தெரியாமல் சிரித்துவிடுவார்கள்.

அக்காவும் மாமாவும் அப்போது பம்மலில் குடியிருந்தார்கள். அக்கா ஒரு பள்ளியில் டீச்சர். பள்ளி விடுமுறை விட்டதும் பாப்பாவோடு கிழக்குத் தாம்பரத்துக்கு, சேலையூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அப்பாவும், இன்னும் கல்யாணம் ஆகாத நானும்தான். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பாப்பா வந்துவிட்டால் மட்டும் காலையிலேயே கொல்லைப்புறத்தில் பெரிய பிளாஸ்டிக் டப்பை எடுத்துப் போட்டுத் தண்ணீர் நிரப்ப ஆரம்பிப்பார். பாப்பாவுக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஒரு பைத்தியம். டப்புக்குள் உட்கார்ந்து உள்ளங்கையால் அடித்து அடித்து, விரல் நுனி சுருங்கிப்போகும் வரை எழுந்திருக்க மாட்டாள்.

மே மாதத்தில் கிணறு வற்றிவிடும். தெருவுக்குத் தண்ணீர் லாரிதான். லாரி முக்குத் திரும்பும் சத்தம் எங்களுக்குக் கேட்பதற்கு முன்னால் பாப்பாவுக்குக் கேட்டுவிடும். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். ஒருநாள் குடங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும்போது அவள் கேட்டைத் தாண்டி ஓடி, லாரியின் பெரிய குழாய்க்கு நேரே போய் நின்றுவிட்டாள். நான் பதறிக்கொண்டு ஓடினேன். டிரைவர் குழாயைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, குளிக்கணுமா?" என்றார்.

"பேச வராதுங்க" என்றேன்.

"அதான் மூஞ்சிலயே சொல்லுதே சார். தள்ளி நில்லு, கொஞ்சூண்டு ஊத்தறேன்."

குழாயின் வாயை விரலால் அடைத்து, அவள் தலைமேல் சாரல் போலப் பீச்சினார். பாப்பா சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. வரிசையில் நின்ற ஒரு பெண், "குடிக்கவே தண்ணி இல்ல, இவரு குளிப்பாட்டிகினு கீறாரு" என்று முணுமுணுத்தார்.

"வுடுக்கா, ஒரு சொம்பு தண்ணி. புள்ள சிரிக்குது பாரு" என்றார் டிரைவர்.

அந்தக் கோடை முழுக்க லாரி வரும்போதெல்லாம் பாப்பாவுக்கு அந்த ஒரு சொம்பு தண்ணீர் கிடைத்தது. முணுமுணுத்த அதே பெண்மணி, லாரி வந்தால் எங்கள் கேட்டுக்கு வந்து, "பாப்பாவ இட்டுனு வாங்க" என்று கூப்பிடுவார்.

நினைத்துப் பார்த்தால் அந்த நாட்களில் எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. பிரசவத்தின்போது மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னார். இன்னொருவர் கர்ப்பத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். அக்காவின் மாமியார், "எங்க பரம்பரையில இப்படி ஒருத்தர் கிடையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் தனக்குள் ஒரு காரணத்தை வைத்திருந்தாள். ஏழாம் மாதத்தில் பல்லாவரம் ஸ்டேஷன் படியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாளாம். எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். பத்து வருடம் அந்தப் படியைச் சுமந்தாள். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று அவளும் மாமாவும் முடிவு செய்ததும் அதனால்தான்.

பாப்பாவுக்குப் பத்து வயதானபோது எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருடம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தினமும் தாம்பரத்திலிருந்து ரயில். என் மனைவி குழந்தை பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம், முதலில் மாடியைக் கட்டி முடிக்கலாம், பிறகு படிக்கட்டு, பிறகு சுற்றுச்சுவர் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உண்மையில் எனக்குப் பயம். பாப்பாவை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு பயம். அதை மனைவியிடம் சொல்வது அக்காவுக்குச் செய்யும் துரோகம் போல இருந்தது.

அந்த வருடம்தான் பாப்பாவுக்கு வலிப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. நகரத்துக்குள் ஒரு புது நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பரிசோதிப்பதை விட்டுவிட்டுப் பாப்பாவைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எப்பவுமே இப்படிச் சிரிப்பாளா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றாள் அக்கா.

"தண்ணி பிடிக்குமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவர் ஒரு தாளில் ஒரு நோயின் பெயரை எழுதினார். வெள்ளைக்கார டாக்டர் ஒருவரின் பெயரால் அழைக்கப்படும் நோய். பேச்சு வராமை, வலிப்பு, தூக்கக் குறைவு, அகட்டிய நடை, தண்ணீர் மீது ஆசை, ஓயாத சிரிப்பு. எல்லாம் அதன் அடையாளங்கள் என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. வலிப்பை, நடையை எல்லாம் நோய் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். சிரிப்பு அவளுடையது என்று நினைத்திருந்தேன். அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்களே என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா பாப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே, "லிஸ்ட்ல இருந்தா என்னடா? சிரிக்கிறது இவதானே" என்றாள்.

பாப்பாவின் ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பல வாரம் கழித்து ஒரு மரபணுவில் எழுத்துப் பிழை போல ஒரு மாற்றம் இருப்பதாகப் பதில் வந்தது. பிறகு அக்காவின் ரத்தம், பிறகு அப்பாவுடையது, என்னுடையது. எல்லா முடிவும் வந்த அன்று மரபணு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. பாப்பாவிடம் இருந்த அதே மாற்றம் அக்காவிடம் இருந்தது. என்னிடம் இருந்தது. அப்பாவிடமும் இருந்தது.

"அப்போ எங்களுக்கெல்லாம் ஏன் ஒண்ணும் ஆகல?" என்றாள் அக்கா.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு இரண்டு கோடுகளாக வரைந்தார்.

"எல்லா ஜீனும் நமக்கு ரெண்டு இருக்கும். அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. பெரும்பாலும் ரெண்டுமே வேலை செய்யும். சில ஜீனுக்கு மட்டும், எது யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு ஒரு முத்திரை இருக்கு. அந்த முத்திரையப் பாத்து உடம்பு ஒண்ண எழுப்பும், ஒண்ணத் தூங்க வைக்கும். இந்த ஜீன்ல, மூளைக்குள்ள, அப்பா குடுத்தது எப்பவும் தூங்கும். உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும் அப்படித்தான், எல்லாருக்கும் அப்படித்தான்."

அக்காவின் பெயருக்குக் கீழே ஒரு கோட்டின் மேல் பெருக்கல் குறி போட்டார். "உங்களுக்குக் கெட்டுப்போனது அப்பாகிட்டேர்ந்து வந்திருக்கு. அது எப்படியும் தூங்கப்போறதுதானே? அம்மா குடுத்த நல்ல ஜீன் வேலையப் பாத்துக்கிச்சு. உங்க தம்பிக்கும் அதேதான். ஆனா நீங்க அத உங்க குழந்தைக்குக் குடுக்கும்போது பழைய முத்திரை அழிஞ்சுடும். உங்க கருமுட்டையில அம்மா முத்திரை புதுசா விழும். அப்போ பாப்பாவோட மூளை அந்த ஜீனத்தான் எழுப்பப் பாக்கும். அது கெட்டுப்போயிருக்கு. உங்க வீட்டுக்காரர் குடுத்தது நல்லாத்தான் இருக்கு, ஆனா அது தூங்குது."

"நான் படியில விழுந்தது?" என்றாள் அக்கா.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா அவள் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மாணவனின் கணக்கைச் சரிபார்ப்பது போல மேலிருந்து கீழே இரண்டு முறை விரலை ஓட்டினார்.

"அப்போ இது என்கிட்டேர்ந்து வந்தது" என்றார்.

"ஆமா சார். உங்களுக்கு உங்க அப்பாகிட்டேர்ந்து வந்திருக்கலாம். இல்ல, உங்ககிட்டயே புதுசா ஆரம்பிச்சிருக்கலாம். உங்க அம்மாகிட்டேர்ந்து வந்திருந்தா நீங்க கணக்கு வாத்தியாரா ஆகியிருக்க மாட்டீங்க." பிறகு டாக்டர் கேட்டார், "உங்க கூடப் பிறந்த அக்கா, தங்கச்சி யாருக்காவது இப்படிக் குழந்தை இருந்ததா?"

"இல்ல" என்றார் அப்பா. கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். என் பிள்ளைகளுக்கு இந்த நோய் என்னால் வராது என்றார். பாதிக்குப் பாதி வாய்ப்பில் அவர்களும் இதைச் சுமக்கலாம். மகன் என்றால் அவனுடைய பிள்ளைகளுக்கும் நோய் வராது. மகள் சுமந்தால் அவளுடைய குழந்தைகளில் ஒன்று பாப்பா போலப் பிறக்கக்கூடும். "பொண்ணு பிறந்தா, பதினெட்டு வயசு ஆனதும் சொல்லுங்க. டெஸ்ட் எடுக்கிறதும் எடுக்காததும் அவ முடிவு. அதுக்கு முன்னாடி நீங்க அவசரப்படாதீங்க."

அக்காவும் மாமாவும் பாப்பாவோடு ஆட்டோவில் போனார்கள். நானும் அப்பாவும் எழும்பூரில் ரயில் ஏறினோம். மத்தியான நேரம், உட்கார இடம் கிடைத்தது. கிண்டி தாண்டியதும் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றார்.

அவருக்கு ஒரு அக்கா இருந்தார் என்பது எனக்குத் தெரியும். வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் பார்த்த நினைவில்லை. அவருக்கு முதலில் ஒரு மகன் பிறந்தானாம்.

"பேச மாட்டான். சிரிச்சிட்டே இருப்பான். ஏழு வயசுல வலிப்பு வந்து செத்துப்போயிட்டான். அவ வயிறு சரியில்லன்னு சொல்லி, கைக்குழந்தையோட அவளத் திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கப்பா வீட்டுல சேத்துக்கிட்டார், ஆனா முகம் குடுத்துப் பேசல. நானும் பேசல. கல்யாணம் ஆனதுக்கு அப்புறம் உங்கம்மா கேட்டா, அண்ணி நம்மகூட வந்து இருக்கட்டுமேன்னு. நீங்க ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க. வேணாம்னுட்டேன். உங்களுக்கும் ஏதாவது ஒட்டிக்கும்னு பயம்."

எங்களுக்கு எது வந்துவிடக் கூடாது என்று அத்தையை வாசலிலேயே நிறுத்தினாரோ, அது அவர் மூலமாக எங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அவருக்கும் அது புரிந்துதான் இருந்தது. குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் வரைக்கும் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அன்று சாயங்காலம் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்ததையும் சேர்த்து. அவள் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா மாடி, படிக்கட்டுன்னு சொன்னீங்களே. என்னைப் பிடிக்கலையோன்னு எங்க அம்மாகிட்ட அழுதிருக்கேன். பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா நானும் கூடச் சேந்து பயந்திருப்பேன்ல?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், எங்களுக்கு மகள் பிறந்தால் என்ன பெயர் வைப்பது என்று அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு தாத்தாவின் ஊரான சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனார். அத்தை இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அன்று கைக்குழந்தையாக இருந்த அவருடைய மகள் அங்கேயே இருந்தார். அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை. எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, "இன்னா மாமா, இத்தினி வருஷம் கழிச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா டாக்டர் வரைந்த தாளைப் பையிலிருந்து எடுத்தார். மேஜை இல்லாததால் தன் முழங்கால் மேல் விரித்துக்கொண்டு, கோடு கோடாகச் சொன்னார். உன் அம்மா வயிற்றில் ஒரு குறையும் இல்லை. அது எங்கள் அப்பா எனக்கும் அவளுக்கும் கொடுத்தது. எனக்குக் கொடுத்தது என் பெண் மூலமாக என் பேத்திக்குப் போயிருக்கிறது. ஆண் கொடுத்தால் உறங்கும், பெண் கொடுத்தால் விழிக்கும், அவ்வளவுதான். உனக்கு அது வரவில்லை, உன் அம்மாவிடமிருந்து வந்திருந்தால் நீயும் உன் அண்ணன் போலத்தான் பிறந்திருப்பாய், அதனால் உன் இரண்டு பையன்களுக்கும் பயமில்லை. வகுப்பில் சொல்வது போலத் தடுமாறாமல் சொல்லி முடித்தார்.

அத்தை மகள் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டேன், அதான் எம் புள்ள அப்பிடிப் பொறந்துச்சுன்னு எங்கம்மா சாவுற வரிக்கும் சொல்லிகினே இருந்துச்சு மாமா. இத்த அதுகிட்ட வந்து சொல்லியிருக்கணும் நீங்க."

"அப்போ யாருக்குமே தெரியாதேம்மா."

"இது தெரியாது, சரி. உம் மேல தப்பில்லக்கான்னு சொல்றதுக்கு இன்னா தெரியணும்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அம்மா இறந்தபோதும் அன்றும்தான். அத்தை மகள் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். போகும்போது ஒரு டப்பாவில் கேன்டீன் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து, "அடிக்கடி வா மாமா. பேத்தியையும் இட்டுனு வா" என்றார். அப்பா அதன் பிறகு மாதம் ஒரு முறை தவறாமல் போனார். பாப்பாவையும் ஒரு முறை கூட்டிக்கொண்டு போனார். அத்தை மகள் அவளை மடியில் வைத்துக்கொண்டு, தான் பார்த்தே நினைவில்லாத அண்ணனைப் பற்றி அம்மா சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததாக அப்பா வந்து சொன்னார்.

அதற்கு அடுத்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். எங்கள் வீட்டின் நல்ல காலம் என்றால் அதற்குப் பிறகு வந்த எட்டு வருடங்களைத்தான் சொல்வேன். பாப்பாவின் பாஷை முதலில் புரிந்தது என் மகளுக்குத்தான். "பாப்பாக்கு மோர் வேணுமாம்" என்று இவள் வந்து சொல்வாள். கொடுத்தால் அவள் மடமடவென்று குடிப்பாள். இருவரும் ஒரே டப்பில் உட்கார்ந்து தண்ணீரை அடிப்பார்கள். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிப்பார். தாள் முழுக்க நனைந்திருக்கும். பக்கங்களைப் பிரிக்க முடியாமல் அப்படியே படிப்பார். என் மகளுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் போய்விட்டார். பாப்பா அதன் பிறகு கொல்லைப்புறம் போவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டாள். பட்டியலில் அதெல்லாம் இல்லை.

மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. நான் சொல்லவில்லை. பத்தொன்பது முடிந்தது. பரீட்சை இருக்கிறது, மழைக்காலம், அவளுக்கு ஜலதோஷம் என்று ஒவ்வொன்றாகக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. என் மனைவி, "இன்னும் மாடிதான் கட்டிட்டு இருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கம் இரண்டு கோடு வரைந்தேன்.

அவள் பேனாவை என் கையிலிருந்து எடுத்துச் சரியான கோட்டின் மேல் பெருக்கல் குறி போட்டாள்.

"அத்தை சொல்லிட்டாங்கப்பா. ப்ளஸ் ஒன் படிக்கும்போதே."

"அக்காவா? என்ன சொன்னா?"

"பாப்பாவ நாங்க ரெண்டு பேரும் குளிப்பாட்டிட்டு இருந்தோம். தலைக்கு ஷாம்பு போட்டுக்கிட்டே சொன்னாங்க. உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் யார் தப்பும் இல்ல. தெரிஞ்சு வெச்சுக்கோ, அப்புறம் உன் இஷ்டம்னு."

"நாலு வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எப்போ சொல்றீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

சமையலறையில் என் மனைவி சிரிப்பது கேட்டது. டெஸ்ட் எடுப்பதைப் பற்றிக் கேட்டேன். படிப்பு முடியட்டும் என்றாள். "எடுக்கும்போது அத்தையக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வேணும்னா வாங்க. ஆனா வெளிய உக்காந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இட்லி போட்டுக்கொண்டாள்.

அக்கா குடும்பம் இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறது. அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சண்டை போடத்தான் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணுகிட்ட நான் சொல்ல வேண்டியத நீ எப்படிச் சொல்லலாம்?" என்றேன்.

"நீ சொல்ல மாட்டன்னு தெரியும்டா" என்றாள். "அப்பா மாதிரியே இருக்க. உள்ளயே வெச்சு வெச்சு வயசாகிடும்."

"உன்கிட்ட அப்பா குணம் எதுவும் வரலையா?"

"நான் அம்மா மாதிரி" என்றாள் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து வந்த பாப்பா என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அதை அவளிடமிருந்து திரும்ப வாங்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. பிறகு மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள், இருந்தேன்.